லியோனில் பனி அதிகம்

பொய் சொல்லத் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. மனச்சாட்சி உறுத்தி உளறுகிறவர்கள் ஒரு வகை. பழக்கதோஷத்தால் மாட்டிக்கொள்கிறவர்கள் மறுவகை. நான் முதல் வகை என்றுதான் இருபத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன்.

பாரிஸின் லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே, இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர். எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு ஏழாம் வகுப்போடு இடம்பெயர்ந்துவிட்டது. அப்பாவினது அதற்கும் முன்னால். அதனால் பத்து வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களைப் படிப்பவள் நான். மெட்ரோவில் வழி தவறும் அம்மாவைத் தொலைபேசியில் மீட்டெடுப்பவளும் நானே. “அம்மா, நீங்கள் யோசிக்காதைங்கோ. நான் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ” என்பேன். (அந்தக் குரலை இப்போது நினைத்தால் காது கூசுகிறது.)

அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் எல்லோரும் வார இறுதியில் மலையேறிய கதை சொல்வார்கள். தனியாகப் போனால்தான் மலை நம்மோடு பேசும் என்றாள் ஒருத்தி. மலை பேசாவிட்டாலும் பரவாயில்லை, யாரும் கடிதம் நீட்டாத ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஆனால் எங்கள் வீட்டில் ‘தனிய’ என்ற சொல் பாவப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே, லியோனில் இரண்டு நாள் அலுவலகப் பயிற்சி என்றேன். ரயில் ஏறியது பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில்தான் என்பதால் பாதி உண்மை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பயிற்சியில் பசிக்கும் என்று அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தார்.

ஜூரா மலையடிவாரத்தில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது பதினொன்றரை. ராக்கெத் இரண்டை வாடகைக்கு எடுத்தேன். டென்னிஸ் மட்டை மாதிரி அகலமானவை. சப்பாத்துக்குக் கீழே கட்டிக்கொண்டால் பனியில் கால் புதையாது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, மூன்று மணிக்குப் பிறகு மேலே நிற்க வேண்டாம் என்றார். எனக்கு வரைபடம் வாசிக்கத் தெரியும் என்று பதில் சொன்னேன். பட்டம் பெற்ற திமிர். கைத்தொலைபேசியை ஒரு காலுறைக்குள் திணித்துப் பைக்கு அடியில் புதைத்தேன். தனிமை என்றால் முழுத் தனிமை.

முதல் ஒரு மணி நேரம் அற்புதம். மலைமுதுகில் ஏறியதும் இரு பக்கமும் பள்ளத்தாக்கு, நடுவில் வெள்ளை வரப்பு மாதிரிப் பாதை, என் மூச்சின் சத்தம் மட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக யாருடைய மகளாகவும் இல்லாமல் நின்றேன். (மலை பேசவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது.)

பிறகு மூடுபனி இறங்கியது. வழிகாட்டும் மஞ்சள் கம்பங்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. வரைபடத்தில் ஒரு மலைக்குடில் இருந்தது. கண்ணெதிரே ஒன்றும் இல்லை. நல்லவேளையாகப் பனியில் யாரோ நடந்துபோன தடம் தெரிந்தது. அனுபவசாலி ஒருவருடையது என்று நம்பி அதைப் பின்தொடர்ந்தேன். சிறிது தூரத்தில் அதோடு இன்னொரு தடம் சேர்ந்தது. துணைக்கு ஆள் கூடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது தடமும் சேர்ந்தபோது ஓரத்தில் ஓர் இடியப்பத் துண்டு கிடந்தது. நான் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். மூன்று பேரும் நானேதான்.

மணி மூன்றரை. பையைக் கவிழ்த்துக் காலுறையைப் பிடித்தேன். அது அதிர்ந்துகொண்டிருந்தது. தவறிய அழைப்புகள் நாற்பத்தொன்று.

எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. யார் எங்கே போனாலும் இறங்கியதும் குடும்பக் குழுவில் ‘சேர்ந்திட்டன்’ என்று எழுதி, நிற்கும் இடத்தைத் தொலைபேசி வரைபடத்தில் காட்டி நகரும் நீலப் புள்ளியையும் அனுப்ப வேண்டும். அப்பா பிரான்சுக்கு வந்த வழியில் எட்டு மாதம் அவர் உயிரோடிருக்கும் தகவலே இல்லை. அந்த எட்டு மாதம்தான் இந்தச் சட்டத்தை இயற்றியது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே கடமையைச் செய்திருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு என் புள்ளி எல்லோருக்கும் தெரியும். பாரிஸ், லண்டன், டொரொன்டோ என்று முப்பத்தேழு பேர், நான் மலைமுதுகில் வட்டமடிப்பதை மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘பயிற்சி மண்டபம் பெரிசுபோல’ என்று டொரொன்டோச் சித்தி எழுதியிருந்தார்.

மின்கலத்தில் நூற்றுக்கு ஒன்பது வீதம் மிச்சம். மறுபடி அழைப்பு. அம்மா.

“எங்கை நிக்கிறாய்?”

“லியோனிலை அம்மா.” (மூடுபனியிலும் மானம் தெரிகிறது.)

“லியோனிலை ஏன் காத்து இப்பிடி இரையுது?”

நான் அழுதேன். நான் பதினாறு வருடமாக அவரிடம் பேசிவந்த அதே குரலில் அம்மா சொன்னார்:

“நீ யோசிக்காதை. நான் சொல்லுறதை மட்டும் செய். உன்ரை புள்ளிக்குப் பக்கத்திலை ஒரு சின்ன வீட்டுப் படம் கிடக்கு. காத்து எந்தக் கன்னத்திலை அடிக்குது?”

“இடது.”

“அப்பிடியே நட. நில். புள்ளி விலகுது. மற்றப் பக்கம் திரும்பு. ஓம். இப்ப நேரை வா.”

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தில் எந்தப் படியால் இறங்குவது என்று என்னிடம் கேட்கும் அம்மா, லா ஷப்பல் சமையலறையிலிருந்து ஒரு மலையைக் கடக்க வைத்தார். பதினைந்து நிமிடம் இருக்கும். குடிலின் மரக்கதவில் என் நெற்றி இடித்தபோது மின்கலத்தில் ஒரு வீதம் மிச்சமிருந்தது.

“சேர்ந்திட்டன்” என்றேன்.

“லியோன் வடிவோ?” என்று கேட்டார். பதிலுக்கு முன் தொலைபேசி செத்தது.

குடில்காரர் தன் பனிவண்டியில் என்னைக் கீழே கொண்டுவந்து விட்டார். வீட்டில் யாரும் ஏசவில்லை. அது ஏச்சைவிட மோசம். அம்மா மட்டும், “தனிய இருக்க வேணுமெண்டால் சொல்லு பிள்ளை, நாங்கள் சார்செல்லிலை இருக்கிற மாமா வீட்டை போறம்” என்றார். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு நால்வரும் ரயில் ஏறிப் போய்விடுகிறார்கள். வீடு எனக்கு மட்டும். நான்கு மணிக்கே அவர்களின் புள்ளி எங்கே வருகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யார் எங்கே போவதாகச் சொன்னாலும், “லியோனுக்கோ?” என்று ஒரு குரல் கேட்கும். போன வாரம் ஷத்லே மெட்ரோ நிலையத்திலிருந்து அம்மா கூப்பிட்டார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். ரயில்களின் இரைச்சலுக்கு நடுவே, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார்:

“லியோனிலை நிக்கிறன் பிள்ளை. வழியை ஆறுதலாச் சொல்லு.”