இடது பக்கம் இழுக்கிற நாற்காலி

சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு நேராகத் தள்ளினாலும் ஓரத்துச் சோபாவில்தான் போய் முட்டியது.

"டெக்னீஷியனைக் கூப்பிட்டிருக்கேன். சாயங்காலம் வராங்க. நீங்க கை வைக்காதீங்க," என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. குழாய், சுவிட்ச், கதவு எல்லாம் அவர் கைவேலைதானே! மாடிப்படியில் விழுந்து எட்டு மாதம் படுக்கையாகக் கிடந்தவள், நாளைக் காலை மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள். அவளுக்கு ஒரு நல்லதையாவது தன் கையால் செய்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நாலு நட்டு. இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?"

அவளைத் தூக்கிச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, இடது சக்கரத்தை இறுக்கினார். சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. தளர்த்தினார். தள்ளாடியது. முன்னால் இருந்த சின்னச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்த பேரிங் குண்டுகள் தரையெங்கும் சிதறின.

ஆறு அகப்பட்டது. மொத்தம் எத்தனை என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆறையே வைத்து மூடினார்.

"இப்ப உக்காரு. வெண்ணெய் மாதிரி ஓடும்."

உட்கார்ந்தாள். சின்னச் சக்கரம் கழன்றது. நாற்காலி முன்பக்கமாகக் கவிழ, நல்லவேளை, அவளை மார்பில் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார். சமையலறையிலிருந்து மச்சினி பதறி ஓடிவந்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் வந்த டெக்னீஷியன் ஒரு சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கருவிப் பெட்டி.

"யார் கழட்டினது?"

"தானா லூஸாயிடுச்சு."

அவள் அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தாள்.

"இதுல நாளைக்கு வெளிய இறங்கியிருந்தாங்கன்னா மண்டை உடைஞ்சிருக்கும் சார்."

புதுப் பேரிங் போட்டு, ஒவ்வொரு நட்டையும் அளவுபார்த்து இறுக்கி, வாசலில் தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் ஓடியது. கூடத்துக்குள் தள்ளினாள். சோபாவில் முட்டியது!

"பாத்தீங்களா! படிச்ச உங்களாலயே முடியல!" எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் சிரித்தார்.

அந்தப் பெண் குனிந்து சோபாவை நகர்த்தினாள். காணாமல்போன குண்டுகள் எல்லாம் இடப்பக்கச் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன.

"நாற்காலி மேல ஒரு தப்பும் இல்ல சார். தரைதான் சாஞ்சிருக்கு. எந்தக் கொத்தனார் டைல்ஸ் போட்டது? அந்த ஆளை இனிமே வீட்டுப் பக்கமே சேர்க்காதீங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதை விடும்மா, டீ சாப்பிடு," என்றாள் மனைவி அவசரமாக.

"எப்படிச் சேர்க்காம இருக்கறது?" என்றாள் டீ கொண்டுவந்த மச்சினி. "மாமாதான் நாற்காலிக்குன்னே பாத்துப் பாத்துப் போட்டாரு. அக்கா விழுந்தாளே, அந்த மாடிப்படியும் அவர் கட்டினதுதான்."