நாலு மணிக்குள் தெளிவு

"இதில தெளிவு ஒண்ணும் இல்லல்லோ, மகாராஜா," என்றார் மேனேஜர் ரதீஷ், வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரைத் தட்டியபடி. "நாலு மணிக்கு முதலாளி வரும். அப்போ தெளிவு வேணும். இல்லேங்கில் நீ திருநெல்வேலிக்கு வண்டி கேறிக்கோ."

பழவங்காடி லாட்ஜில் மகாராஜா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலையாளம் பாதி புரியும். மீதியை யோசித்து நிரப்பிக்கொள்வான். காலையில் முதலாளியின் சக்கவரட்டி என்ற பலாப்பழ இனிப்பு பாட்டில் காலியாகக் கிடந்ததற்கு எழுந்த கூச்சலைக்கூட, பலாப்பழம் விலை ஏறியதற்காக்கும் என்றுதான் நிரப்பியிருந்தான்.

தெளிவு இல்லைதான். சில நாளாகவே திரை கலங்கிய குளம்போல இருந்தது. லாட்ஜின் கண்காணிப்புக் கேமரா படத்தில் ஆள் எது, தூண் எது என்று தெரியவில்லை.

லினக்ஸ் செட்டிங்ஸில் ரெசல்யூஷன் எண்ணூறுக்கு அறுநூறு. வேறு எதையும் காட்டவில்லை. எழுத்தையாவது பெரிதாக்குவோம் என்று இருநூறு சதவீதம் வைத்தான். எழுத்தெல்லாம் பூசணிக்காயாகி, பழையபடி மாற்றும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. இணையத்தில் யாரோ எழுதிய கட்டளையை நம்பி அடித்தான். திரை மொத்தமாக இருண்டது.

வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது?

மறுபடி இயக்கலாம் என்று குனிந்தபோதுதான் கண்டான்: மானிட்டர் கேபிள் பாதி கழன்று தொங்கியது. திரை தன் அளவைச் சொல்கிறது. கம்ப்யூட்டருக்குக் காது கேட்கவில்லை. அவ்வளவுதான். திருகி இறுக்கினான், இயக்கினான், பூசணிக்காய்களைச் சுருக்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது. தூணில் இருந்த பல்லிகூடத் தெரிந்தது.

நாலு மணிக்கு முதலாளி வந்தார், பின்னால் ரதீஷ். மகாராஜா நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"தெளிவு கிடைச்சுட்டு முதலாளி. கம்ப்யூட்டர்லயே இருக்கு. ஒரு மூஞ்சி விடாம தெரியுது."

ரதீஷின் முகம் வெளுத்தது. "நோக்கண்டா முதலாளி," என்றார் மெல்ல. "சக்கவரட்டி தின்னது ஞானாக்கும். இவன்மேல வெறுதே சொல்லிப்போயி."

முதலாளி மகாராஜாவின் தோளைத் தட்டி, இனிமேல் சமையல்கட்டுச் சாவி அவனிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்புட்டுப் பாடுபட்டுத் தெளிவாக்கினேன், ஒருத்தரும் பாக்கலையேக்கா," என்றான், தரை துடைத்துக்கொண்டிருந்த சபீனாவிடம்.

தென்காசியிலிருந்து வந்து இந்த ஊரிலேயே பிள்ளைகளை வளர்த்தவள் அவள். துடைப்பதை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, மலையாளத்துல தெளிவுன்னா அத்தாட்சிலே."