முள்ளுக்குப் பெறாத வேலை

ஒரு காட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே மூன்றாவது பாறையடியில், முட்காத்தான் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். புலி ராஜா உறுமநாதரிடம் அவனுக்குக் குமாஸ்தா வேலை. ராஜா வாயிலிருந்து விழுவதையெல்லாம் தேக்கிலையில் எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வரியை அடித்துவிட வேண்டும். எழுதுகோலுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. முதுகிலேயே முளைத்திருந்தது.

அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. முதுகு வலித்து வலித்து அவனாகக் கண்டுபிடித்தது. தேக்கிலை ஒரு மாதம் தாங்கும், பிறகு ஓரம் உதிரும். அமாவாசைக்கு அமாவாசை புது இலை எடுத்து, முடியாத வேலைகளைப் பெயர்த்து எழுதுவான். ஒரு வரி எழுதினால் ஒரு முள் மழுங்கும். மழுங்கினால் இன்னொன்று பிடுங்க வேண்டும். பிடுங்கினால் வலிக்கும். ஆகவே ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நின்று, 'இது ஒரு முள்ளுக்குப் பெறுமா?' என்று தன்னையே கேட்டுக்கொள்வான். பெறாது என்றால் அந்த வரி பழைய இலையோடு போய்விடும்.

'தும்மிய மான் யாரென்று கண்டுபிடித்து உதைக்க வேண்டும்.' பெறாது. 'நிலா தினமும் ஒரே அளவில் வர ஏற்பாடு செய்ய வேண்டும்.' பெறவே பெறாது. 'முறைத்த முயலைக் குடும்பத்தோடு தின்ன வேண்டும்.' இதற்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, பெறாது.

உறுமநாதருக்குக் கோபம் எவ்வளவு வேகமாக வருமோ, மறதியும் அவ்வளவு வேகமாக வரும். அந்தக் காடு ராஜாவின் கருணையால் பிழைக்கவில்லை, மறதியால் பிழைத்தது. அந்த மறதிக்குத்தான் முட்காத்தான் குமாஸ்தா.

அந்த முறையை அவன் தனக்காகப் பயன்படுத்தியது ஒரே ஒரு தடவை. மூன்று வருஷத்துக்கு முன்பு, இலையில் என்ன எழுதியிருக்கிறது என்று ராஜா குனிந்து பார்க்க, முட்காத்தான் நிமிர, ஒரு முள் ராஜாவின் மேலுதட்டில் ஏறிவிட்டது.

"எழுதுய்யா," என்றார் உறுமநாதர், கண்ணில் நீர் வழிய. "முள்ளம்பன்றியைத் தின்ன வேண்டும். இன்றைக்கே."

"இன்னைக்கு ஏற்கெனவே மூணு வேலை இருக்குங்க ஐயா."

"அப்போ நாளைக்குன்னு எழுது."

தன் முள்ளாலேயே தன் சாவை எழுதினான். கையெழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. உதடு ஆறியது, கோபம் ஆறியது, அமாவாசை வந்தது. அந்த வரிக்கு முன்னால் நின்றான். பெறாது என்று விட்டுவிட்டான். ஆனால் எழுதிய இலையைக் கிழிப்பது குமாஸ்தாவுக்கு அழகல்ல என்று ஒரு வீம்பு. பழைய இலைகளையெல்லாம் அவன் பொந்துக்குள் பரப்பித்தான் படுக்கையாகப் போட்டிருந்தான். இதை எல்லாவற்றுக்கும் அடியில் போட்டான்.

இப்படியே போயிருக்கும். பேச்சிமுத்து என்ற மைனா வந்து சேர்ந்தான்.

பேச்சிமுத்து ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றின் சன்னல் மேல் பிறந்து வளர்ந்தவன். கேட்டதைத் திருப்பிச் சொல்லியே பெரிய ஆள் ஆனவன். ஜீப்பில் வந்த யாரோ தொட்டியருகே மறந்துவிட்டுப்போன ஒரு தொடுதிரை டேப் அவன் கண்ணில் பட்டது. தொட்டிக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் சோலார் தகட்டில் அதற்குச் சார்ஜ் ஏற்றினான். அதில் வேலைகளைப் பட்டியல் போடும் ஆப் ஒன்று இருந்தது.

"இலை, முள்ளெல்லாம் போன யுகம் ஐயா," என்றான் ராஜாவிடம். "இதுல ஒண்ணைப் போட்டுட்டா தொலையவே தொலையாது. செஞ்சு முடிக்கிறவரைக்கும் தினம் காலையில எழுப்பிச் சொல்லும்."

"தொலையவே தொலையாதா?" என்றார் உறுமநாதர். அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அதுவரை அவர் வாழ்க்கையில் எல்லாமே தொலைந்துதான் போயிருந்தன.

ராஜா பாதம் வைத்தால் பத்து வரி ஒன்றாக அமுங்கியது. முட்காத்தானின் நகம் பட்டால் அதற்கு உறைக்கவே இல்லை. மைனாவின் கால்விரல்தான் அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. ஆகவே டேப் மைனா கைக்குப் போனது. கால் என்றும் சொல்லலாம்.

"பழைய இலையெல்லாம் வேணும் அண்ணே," என்றான் பேச்சிமுத்து. "பழசை ஏத்தாட்டி இது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி."

"பழசையெல்லாம் கரையான் தின்னுடுச்சு தம்பி," என்று சொல்லிவிட்டு, முட்காத்தான் குறுக்குவழியில் வீட்டுக்கு ஓடினான்.

அங்கே அவன் மனைவி சிலம்பாயி, படுக்கையைப் பிரித்து, இலை இலையாகப் பாறைமேல் வெயிலில் பரப்பி வைத்திருந்தாள்.

"ஈரவாடை அடிக்குதுன்னு காயப்போட்டேன்," என்றாள். "மூணு வருஷமா ஏதோ ஒண்ணு முதுகுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எதுன்னு பார்த்தா, அடியில ஒரு இலை மடங்கிக் கிடக்கு."

"அது எங்கே?"

"அந்த மைனாத் தம்பி பறந்து வந்துச்சு. எல்லா இலையையும் மேலேயிருந்தே போட்டோ எடுத்துக்கிச்சு. நல்ல எழுத்துன்னு உங்களைப் பாராட்டுச்சு."

மறுநாள் காலை டேப் 'டிங்' என்றது. பேச்சிமுத்து பாறைமேல் நின்று கணீரென்று வாசித்தான். "மொத்த வேலை நாலாயிரத்து முந்நூத்துப் பதினாறு. எல்லாமே கெடு தாண்டினது. முதல் வேலை: முள்ளம்பன்றியைத் தின்ன வேண்டும். கெடு தாண்டி ஆயிரத்து நூத்து இருபத்தேழு நாள்."

உறுமநாதர் சங்கடப்பட்டுப் போனார்.

"ஏன்யா, இதை நீ ஞாபகப்படுத்தக் கூடாதா?"

"வேலை நெருக்கடிங்க ஐயா."

"உம்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லய்யா. அந்த உதட்டு விஷயமெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன். ஆனா பாரு, கெடு தாண்டினதுன்னு செவப்பா நிக்குது. காலையில எழுந்ததும் செவப்பைப் பார்த்தா மனசு கிடந்து அடிச்சுக்குது. தப்பா எடுத்துக்காதே." சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

பல்லைப் பார்த்ததும் புத்தி சிலருக்கு உறையும், சிலருக்கு ஓடும். முட்காத்தானுக்கு ஓடியது. கோபத்தில் தின்கிறவரிடம் கெஞ்சலாம். பட்டியலுக்காகத் தின்கிறவரிடம் பட்டியலைத்தான் பேச வேண்டும்.

"தாராளமா ஐயா," என்றான். "ஆனா முறைப்படி செய்யணுமில்ல? தம்பி, ஒரு பெரிய வேலைக்குள்ள சின்ன வேலைங்களைப் போட இதுல வழி இருக்கா? இருக்காது, பாவம். இலையில செய்யலாம்."

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "இருக்காதாவா? அதுக்குத்தான் அண்ணே இதுவே. குட்டி வேலைன்னு பேரு. எத்தனை வேணும்னாலும் போடலாம்."

"அப்போ எழுதிக்க. தின்னுறதுக்கு முன்னாடி முள்ளைப் பிடுங்கணும்."

"ஆமா, பிடுங்கணும்," என்றார் ராஜா, உதட்டைத் தடவியபடி.

"எத்தனை முள்ளுன்னு எண்ணணும். அது முதல் குட்டி வேலை. அப்புறம் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு குட்டி வேலை. பிடுங்கறதுக்கு முன்னாடி ஐயாவோட ஒப்புதல். பிடுங்கின பிறகு டிக்."

எண்ணவே எட்டு நாள் ஆனது. மொத்தம் ஏழாயிரத்து இருநூற்று எட்டு. ஒன்பதாம் நாள் உறுமநாதர் ஒரே ஒரு முள்ளைப் பிடுங்கினார். மைனா டிக் போட்டான். டிங். ஒரு சின்னப் பச்சைக் கோடு தோன்றியது. ராஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஒரு காட்டெருமையை முழுசாகத் தின்று ஏப்பம் விட்டவர்போல் இருந்தது.

அன்றிலிருந்து காலைக்கு ஒரு முள், ஒரு டிங். முட்காத்தானுக்கு வலித்தது. ஆனால் வலிக்கும் இடமெல்லாம் உயிரும் இருந்தது. ஒரு மாதம் கழித்து இன்னொரு குட்டி வேலையையும் சேர்க்கச் சொன்னான்: 'பிடுங்கிய இடத்தில் புது முள் முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முளைத்திருந்தால் பட்டியலில் சேர்க்க வேண்டும்.' முளைத்துத்தான் இருந்தது.

விஷயம் பரவியது. முயல் தன் குடும்பத்தோடு வந்து, "எங்களையும் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்றது. 'முறைத்த முயலைத் தின்ன வேண்டும்' என்ற வரி, 'முறைத்தது எந்தக் கண்ணால் என்று விசாரிக்க வேண்டும்' என்பதில் தொடங்கி அறுபத்து மூன்று வரியாகப் பெருகியது. காடு முழுக்கச் சுறுசுறுப்பு. ராஜாவுக்கு ஒரு நாளில் நாற்பது டிங். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஆனால் கண்ணில் ஒரு திருப்தி.

ஒரு மத்தியானம் உறுமநாதர் கண்ணயர்ந்திருந்தபோது, பேச்சிமுத்து அவர் மூக்கருகே டேப்பைக் கொண்டுபோய், "அப்டேட் ஐயா, அப்டேட்" என்றான்.

"இன்னொரு தடவை காதுல கத்தினே, உன்னைத் தின்னுடுவேன்," என்று முனகிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ராஜா சொன்ன ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்பது பேச்சிமுத்துவின் தொழில் சுத்தம். அந்த இடத்திலேயே ஏற்றிவிட்டான்: 'மைனாவைத் தின்ன வேண்டும்.' ஏற்றிவிட்டு நாலாயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு அடியில் அதை மறந்தும்போனான். கேட்டதைத் திருப்பிச் சொல்கிறவனுக்குச் சொன்னதன் அர்த்தம் கடைசியில்தான் எட்டும்.

அதைக் கவனித்தது முட்காத்தான் மட்டும்தான். மற்ற வரிகளெல்லாம் பிரிந்துகிடக்க, அது மட்டும் குட்டி வேலை ஒன்றும் இல்லாமல், ஒப்புதல் தேவைப்படாமல், ஒற்றை வரியாக நின்றது. இறகு இறகாகப் பிரித்தாலே ஒரு வருஷம் ஓட்டலாம். மைனாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ராஜா எதிரில் சொல்ல முடியாது. வீட்டு வேலைகளுக்கு அவன் இன்னும் தேக்கிலைதான் வைத்திருந்தான், அதில் எழுதிக்கொண்டான். கிழங்கு தோண்ட வேண்டும். பொந்து வாசலில் மண் சரிந்ததை அள்ள வேண்டும். மைனாவிடம் சொல்ல வேண்டும்.

கிழங்கு தோண்டுவதிலேயே நாள் போனது. அமாவாசை வந்தது. புது இலையை விரித்து உட்கார்ந்தான். முதுகில் இப்போது பழைய செழிப்பு இல்லை. எழுதத் தோதான நீள முட்களாகப் பார்த்தே ராஜா பிடுங்கியதில், அப்படிப்பட்டவற்றில் மிச்சமிருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்போல் இருந்தது. கிழங்கை எழுதினான். வாசலை எழுதினான். மூன்றாவது வரிக்கு முன்னால் நின்றான்.

நன்றாகவே யோசித்தான். இந்தத் தடவை பாவனை இல்லை. பாறைமேல் காய்ந்த இலைகள் ஞாபகம் வந்தன. 'நல்ல எழுத்து' என்று மைனா பாராட்டியதும் ஞாபகம் வந்தது. முள்ளைக் கீழே வைத்துவிட்டான்.

"அந்த மூணாவது?" என்றாள் சிலம்பாயி.

"அடுத்த அமாவாசைக்குப் பார்த்துக்கலாம்."

"இலையிலேயே இல்லாட்டி எப்படிப் பார்ப்பீங்க?"

அவன் ஒரு பழைய எலும்பை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தான்.

நான்காம் நாள் பேச்சிமுத்து மாத அறிக்கை வாசித்தான். "போட்ட டிக், ஆயிரத்து இருநூறு. முழுசா முடிஞ்ச வேலை, பூஜ்யம்."

"பூஜ்யமா?" ராஜாவின் வயிறும் சேர்ந்து கேட்டது. "ஒண்ணாவது முடியணுமேய்யா."

"கவலையே படாதீங்க ஐயா. குட்டி வேலை இல்லாத ஒண்ணை எடுத்து முதல்ல முடிப்போம். சின்னதுலேருந்து வரிசைப்படுத்தித் தரேன்." கால்விரலால் ஒரு தட்டுத் தட்டினான். வரிசை மாறியது. ராஜாவின் மூக்குக்கு நேராக நின்று, வழக்கம்போல் கணீரென்று, முதல் வரியைக் கடைசி எழுத்துவரை வாசித்தான்.

முட்காத்தான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாய்தான். இரண்டு இறகு மிச்சம்.

"அப்பாடா," என்றார் உறுமநாதர். "டிக் போடுய்யா."

டிக் போட யாரும் இல்லை. ராஜா பாதம் வைத்தார். பத்து வரி அமுங்கியது. முட்காத்தான் நகத்தால் கீறினான், உறைக்கவில்லை. மறுநாள் காலை டிங். முதல் வரி சிவப்பாக நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது.

"என்னய்யா சொல்லுது?"

"மைனாவைத் தின்னணுமாம் ஐயா."

"தின்னாச்சேய்யா," என்றார் ராஜா. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "தின்னதுக்கு ஒரு மதிப்பே இல்லையா?"

மைனாவைத் தின்ற ஐந்தாம் நாள் டேப்பைக் கவ்விக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். அது கடைசியாக ஒரு டிங் அடித்துவிட்டு அடங்கியது.

"ஒரு இலை எடுய்யா. மைனாவைத் தின்ன வேண்டும்னு எழுது. எழுதிட்டியா? இப்போ அதை அடி. என் கண்ணு முன்னால அடி."

முட்காத்தான் எழுதினான். ஒரு கோடு கிழித்து அடித்தான். அந்த வரிக்கும் கடைசியில் ஒரு முள் செலவானது. உறுமநாதர் நீண்ட பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டார்.

"அப்புறம் உன்னைப் பத்தி ஏதோ ஒண்ணு இருந்துச்சே?" என்றார் பாதித் தூக்கத்தில்.

"அடுத்த அமாவாசைக்கு எழுதிக்கலாங்க ஐயா," என்றான் முட்காத்தான்.

நீதி: உன் சாவு பட்டியலில் ஏறிவிட்டால், குட்டி வேலைகளாகப் பிரித்துக்கொள். அடுத்தவன் சாவு என்றால், அடுத்த இலையில் எழுதாமல் விடு.