இரண்டு விசிலுக்கு மூச்சு விடு

உலகத்திலேயே விசில் அடித்து யோகா சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். வேறு யாராவது இருந்தால் அவரும் கண்டக்டரிடம் படித்தவராகத்தான் இருப்பார்.

உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நான், மூன்று வேளையும் சோறு என்று கேள்விப்பட்டு வெள்ளிமலை யோகா பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். சோறு என்றால் சாமைக் கஞ்சி. அதுவும் இரண்டு வேளை. மூன்றாவது வேளைக்குப் பிராணாயாமம்.

கண்டக்டர் எனக்குப் பக்கத்துப் பாய். கள்ளக்குறிச்சி தனியார் பஸ்ஸில் வருஷக்கணக்காக நின்றே இடுப்பு ஒடிந்தவர். யோகா அதை நிமிர்த்தியதும் வேலையை உதறிவிட்டு வாத்தியாராகக் கிளம்பிவிட்டார். ரிஷிவந்தியம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தயார். சர்டிபிகேட் மட்டும் வேண்டும். தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதிலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆசனங்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. குனிந்து கால்விரலைத் தொட்டால் "சீட்டுக்கு அடியில செருப்பு தேடறது." ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "கம்பியப் புடிச்சிக்கினு கூடைய எடுக்கறது." மல்லாந்து படுக்கும் சவாசனம் "டெர்மினஸ்."

நாளுக்கு ஒருவர் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். கண்டக்டரின் முறை வந்தால் பஸ் கணக்குதான்: ஒரு விசிலுக்கு மூச்சை நிறுத்து, இரண்டு விசிலுக்கு விடு. ஒருநாள் ஒன்று அடித்துவிட்டு, ஜன்னல் வழியே மலையேறும் பஸ்ஸைப் பார்த்து, டிரைவர் கியர் மாற்றுவதைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்கள் கண் பிதுங்க உட்கார்ந்திருந்தோம். குருஜி ஓடிவந்து விசிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"விசில் இல்லாம இன்னா கிளாஸுங்க? பிரேக் இல்லாத பஸ்ஸு மாரி!" என்றார் கண்டக்டர், அழாத குறையாக.

தேர்வு நாளன்று கீழே இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. இந்த முறை புதிதாக வரும் தேர்வாளர் கீழே மாட்டியிருப்பார், நடத்தியாவது கூட்டி வாருங்கள் என்று குருஜி எங்கள் இருவரையும் அனுப்பினார்.

கச்சிராயபாளையத்துப் பாதையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் மறியல்காரர்கள். அந்தப் பக்கம் காலையிலிருந்து வெயிலில் வெந்த பயணிகள்.

"வழி வுடுய்யா, புள்ளைக்கு ஜுரம்!"

"எங்க புள்ளைங்க படிச்சிட்டு சும்மா கீறானுங்களே, அவனுங்களுக்கு யார்யா வழி வுடறது?"

இரண்டு பக்கமும் கல் கைக்கு வந்துவிட்டது. கண்டக்டர் அரைஞாண் கயிற்றிலிருந்து இன்னொரு விசிலை அவிழ்த்தார். மரத்தின் மேல் ஏறி நீளமாக ஒன்று அடித்தார். பஸ் ஏறிப் பழகிய ஜனம், அப்படியே நின்றது.

"கல்லக் கீழ போடு. மூச்ச இழு. யோவ் ஜிப்பா, உன்னத்தான்! வயித்த இப்டி தள்ளிக்கினு நின்னா காத்து எங்க போவும்? நல்லா இழுய்யா!"

கால் மணி நேரம். இரண்டு கட்சியும் செருப்பு தேடியது, கூடை எடுத்தது. ரோடு கொதித்ததால் டெர்மினஸ் மட்டும் ரத்து. முடிந்ததும், மறியல்காரர் ஒருவரே ஜுரக் குழந்தையையும் தாயையும் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார்.

ஜிப்பாக்காரர் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "வெள்ளிமலைக்கு எப்டிங்க போறது? தேர்வு நடத்த வந்தவன் நான்."

"செத்தேன்டா" என்றார் கண்டக்டர், என் காதில்.

நாங்கள் யாரென்று தெரிந்ததும் தேர்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு ஆசனத்தோட பேராவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"விசில் வேற."

"ஆமாங்க."

"கல்லெடுத்தவன குனிய வச்சிட்டீங்க. இதுக்கு மேல மலையேறி உங்ககிட்ட இன்னாத்தப் பாக்கறது?"

புளியமரத்தின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே நிபந்தனை: பள்ளிக்கூடத்தில் விசில் கூடாது.

மலையிறங்கிய நாளன்று கண்டக்டர் அதை என் கையில் வைத்தார். "நீ எங்கயும் நிக்கற ஆளில்ல. நிக்கணும்னு தோணுச்சின்னா ஒண்ணு அடி."

அப்புறம் எத்தனையோ ஊர். போர்வை போயிற்று, பெட்டி போயிற்று, வெள்ளிமலையில் நானும் வாங்கிய சர்டிபிகேட் மழையில் கரைந்தது. விசில் மட்டும் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை. அடித்தால் ரிஷிவந்தியம் பக்கம் போய்த்தான் அடிப்பேன்.