பாவுக்கடியில் ஒரு தும்மல்

வீட்டு நாய்க்குச் சளி பிடித்தால், வீட்டில் யாராவது ஒருவருக்கு வைத்தியராகும் ஆசை வந்துவிடும். ஆரணியில் எங்கள் வீட்டில் அது எனக்கு வந்தது. அப்போது நான் கல்லூரியில் விலங்கியல் முதலாமாண்டு. (கரப்பான் பூச்சியைத் தவிர எதையும் அறுத்துப் பார்த்ததில்லை.)

அந்த மார்கழியில் எங்கள் ஜிம்மி ஓயாமல் தும்மியது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா சாப்புடுது, சளியும் தண்ணியாத்தான் வருது. தொடச்சி வுட்டு, குளிர்ல படுக்க வெக்காதம்மா. மஞ்சளா வந்தா கூட்டிகினு வா," என்றார். மருந்தே தராத டாக்டரை நான் எப்படி நம்புவது?

மறுநாள் காலையில் விரலி மஞ்சளைச் சுட்டு, புகையை ஜிம்மியின் மூக்கருகே பிடித்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. புகை மொத்தமும் எனக்குள் போனது. ஜிம்மி திமிறிக்கொண்டு வாசலுக்கு ஓடியது.

வாசலில் அக்காவின் கல்யாணப் புடவை இருந்தது. அதாவது, புடவையாகப் போகிற பட்டு இழைகள்; நெசவுக்காரர்கள் பேச்சில் 'பாவு'. ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்த அப்பா, முதல்முறையாகத் தன் மகளுக்கென்று அரக்கு நிறப் பாவைத் தெரு நீளத்துக்கு, இடுப்புயரத்தில் கழிகள் நட்டு இழுத்துக் கட்டியிருந்தார். ஈர மூக்கோடு நாய் தலையைத் தூக்கினால் பட்டில் கறை. மிரண்டு துள்ளினால் தை மாதக் கல்யாணத்துக்குப் புடவையே கிடையாது.

ஜிம்மி நேராகப் பாவுக்கடியில் நுழைந்தது.

"யாரும் கத்தாதீங்க, மிரண்டுடும்," என்றார் அப்பா மெதுவாக.

பாதி வழியில் அது நின்றது. மூக்கு சுருங்கியது. உதடு மேலேறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜிம்மி தலையைத் தாழ்த்தி, மூக்கை மண்ணில் அழுத்தி, வயிறு தரையில் உரச நகர்ந்தது. கடைசிக் கழியைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் நின்றுகொண்டு அடுக்கடுக்காகத் தும்மியது. ஓர் இழைகூட அசையவில்லை. அப்பா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சாமிக்குக்கூட அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் பார்த்தது எங்கிருந்து என்பதுதான் பிரச்சினை. ஜிம்மியைப் பிடிக்கிறேன் என்று நானும் பாவுக்கடியில் பாதி தூரம் தவழ்ந்து வந்திருந்தேன். மஞ்சள் புகை அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. தும்மிய வேகத்தில் என் தலை மேலே போனது. கொத்தாக இழைகள் அறுந்தன.

அப்பா திட்டவில்லை. "வெளிய வா. தலைய குனிஞ்சிகினே வா, ஜிம்மி எப்டி வந்துச்சோ அப்டி," என்றார். தெருவே வேடிக்கை பார்க்க, அது போன தடத்திலேயே தவழ்ந்து போனேன்.

அறுந்த இழைகளைச் சாயங்காலம் வரை அப்பா ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டார். புடவை வந்தது. கல்யாணமும் நடந்தது. ஜிம்மியின் சளி அதன்பாட்டுக்குப் போய்விட்டது. நாயால் தும்மலை அடக்கவே முடியாது என்றார் டாக்டர். எங்கள் தெரு இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போதும் நான் மூக்கைச் சுருக்கினால் போதும். ஜிம்மியைப் பார்த்தேயிராத என் கணவர், வந்தவாசிக்காரர், "பாவ தாண்டிட்டுத் தும்மு," என்பார்.

அந்தப் புடவையின் கொசுவத்தில் ஓரிடம் மட்டும் விரலுக்குச் சொரசொரக்கும். அக்கா தன் மகளின் கையைப் பிடித்து அதைத் தடவிக் காட்டுவாள்.

"இது சித்தி தும்முன எடம். மிச்சமெல்லாம் ஜிம்மி குடுத்தது."