மூன்று படிகளின் காவலர்

இங்கிலாந்தின் எந்தச் சிற்றூரை எடுத்துக்கொண்டாலும் ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு பாரம்பரியக் காவலர், இந்த மூன்றும் இருந்தே தீரும். எங்கள் லிட்டில் ஹாட்ஸ்டோவில் அந்தக் காவலர் கத்பர்ட் ஆஷ்வொர்த். யாரும் கொடுத்த பதவி அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் லண்டனிலிருந்து வந்து 'பழைய ரொட்டிக்கடை' என்ற வீட்டை வாங்கினார். ரொட்டியை மட்டும் பக்கத்து ஊர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறார்.

காலையில் நாயை நடத்திப் போகிற சாக்கில் புறப்பட்டு, யார் கூரையில் புது ஓடு, யார் ஜன்னலில் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் என்று நோட்டம் விட்டு, சந்தேகம் வந்தால் ஜன்னல் சட்டத்தைத் தட்டியும் பார்த்து, உள்ளே டீ குடிப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டால் தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கமும் வைப்பார். வெட்கமா? அவருக்கா? கட்டட அனுமதி கேட்டு விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு தொங்கினால் முதல் வாசகர் அவர்தான். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க... ஆனா" என்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நாலு பக்க மனு வரும்.

இந்த வருடம் மாட்டியவர் ஹில்டா மாசப். எண்பத்திரண்டு வயது. குளிர்காலத்தில் வாசலின் மூன்று கல்படிகளில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். ஓர் இரும்புக் கைப்பிடி வைக்க அனுமதி கேட்டார். கிடைக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று மகள் சொல்லிவிட்டாள். கத்பர்ட் எதிர்ப்பு மனுவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். நானும் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்றா கேட்கிறீர்கள்? "உங்கள மாதிரி ரசனை உள்ளவங்க" என்று ஆரம்பித்தார். அப்புறம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஊர் மன்றம் கூடியது. கத்பர்ட் எழுந்தார்.

"நானூறு வருஷமா கைப்பிடி இல்லாமத்தானே ஏறி இறங்கினாங்க?"

"அவங்கள்ல ஒருத்தராவது இப்ப உசுரோட இருக்காங்களா, கத்பர்ட்?" என்றார் ஹில்டா.

"விளையாடாதீங்கம்மா. பதினேழாம் நூற்றாண்டுப் படி. மாத்தக் கூடாத பழைய கட்டடங்களோட அரசாங்கப் பட்டியல்லயே இருக்கு."

"பட்டியல் எழுதின ஆளு என்னைக் கேக்கலையே! எழுபத்திநாலுல என் வீட்டுக்காரர் நார்மன் போட்ட படி அதுப்பா. பன்னித் தொழுவத்த இடிச்ச கல்லு. ரெண்டாவது படி கோணலா இருக்கே, அது மதுக்கடைக்குப் போயிட்டு வந்து வச்சது." சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் இறங்கியது. "அவர் போட்ட படிதான். ஆனா அதுக்காக நான் வீட்ட விட்டுப் போகணுமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கத்பர்ட்டுக்கு? அரை நிமிடம் யோசித்தார்.

"எழுபதுகளோட கிராமியக் கட்டுமானத்துக்கு எவ்வளவு அபூர்வமான சான்று! இதுல போய்க் கைப்பிடியா?"

கை தூக்கச் சொன்னார்கள். அவரைத் தவிர எல்லோரும், கையெழுத்துப் போட்ட நாங்கள் உட்பட, ஹில்டாவின் பக்கம் தூக்கினோம். அனுமதியும் வந்தது.

போன வாரம் கைப்பிடி வைத்தாகிவிட்டது. ஹில்டா அதற்குப் பளபளவென்று கிளிப்பச்சை அடித்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். 'கறுப்பாக இருந்தால் கல்லுக்கு எடுப்பாக இருந்திருக்குமே' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். கிளிப்பச்சை என்றதும் நீங்கள் முகம் சுளித்ததை நான் பார்த்தேன்.