நாலுவானத்துக்கு ஏற்ற மாசம்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து புலிகூட மிஸ்டு கால் கொடுத்துப் பழகிவிட்ட ஒரு காட்டில், வடிவு என்றொரு எருமை இருந்தது. எருமை என்றதும் சிரிக்காதீர்கள். மெதுவாக யோசிக்கும், ஆனால் யோசித்ததை விடாது. அந்த ஜாதி.

வடிவுக்கு உலகத்தில் ஒட்டு உறவு என்று இருந்தது ஒரே ஒரு தம்பி, துரைக்கண்ணு. பால்குடி மறக்கும் முன்னே தாயை இழந்த கன்று அது. கோடையில் குட்டை வற்றி, ஓர் உடம்பு புரள மட்டும் சேறு மிஞ்சினால், தம்பியை அதில் இறக்கிவிட்டு வெயிலில் காய்ந்தவள் வடிவு. அப்படி வளர்த்த தம்பி, மலைக்கு அந்தப் பக்கம் நாலுவானம் என்கிற நாட்டுக்கு வேலைக்குப் போனான். அங்கேயே பிரமிளா என்ற எருமையைக் கட்டிக்கொண்டான். போனவன் போனவன்தான். வருஷக்கணக்காக முகம் பார்ப்பதெல்லாம் போனில்தான். பின்னால் எப்போதும் ஒரே சுவர், அதில் ஓர் அருவிப் படம்.

ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன் துரைக்கண்ணு சொல்வான், "ஒரு நடை வந்துட்டுத்தான் போயேன் அக்கா."

இதை நம்மில் யார்தான் சொல்லவில்லை? பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம்கூடச் சொல்கிறோம். கேட்பவர்களும் "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறார்கள். வடிவு அப்படி இல்லை. கூப்பிட்டால் போக வேண்டும் என்று நினைக்கிற அப்பிராணி.

"வர்றேன்டா. எப்ப வரட்டும்?"

துரைக்கண்ணு பின்னால் இருந்த அருவிப் படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, இங்க இப்ப செம பனி. உனக்கு ஒத்துக்காது."

"அப்ப பனி விட்டதும் வர்றேன்."

"பனி விட்டா மேற்கே மணல்காத்து கிளம்பிரும். அது அடங்கறதுக்குள்ள கிழக்க மழை பிடிச்சுக்கும். தெற்கே கடல் பக்கம் புழுக்கம், தோலு உரிஞ்சிரும். இந்த நாட்டுல நாலு பக்கமும் நாலு விதம் அக்கா. நீ வந்தா நாடு முழுக்கக் காட்டாம அனுப்புவேனா? நாலு பக்கமும் ஒண்ணா நல்லா இருக்கிற மாசம் வரட்டும், நானே சொல்றேன்."

வடிவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. நாடு முழுக்கக் காட்டணும்னு நினைக்கிறானே, எப்பேர்ப்பட்ட பாசம்! அந்த மாசம் எது என்று கேட்க நேரே கோவர்த்தனனிடம் போனாள். கோவர்த்தனன் நரி. புற்றுக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருந்தான். விளம்பரப் பலகையில் ஒட்டகமும் பென்குயினும் தோளில் கை போட்டு நிற்கும்.

"நாலு பக்கமும் ஒண்ணா நல்லா இருக்கிற மாசமா?" நரி வாலைத் தடவிக்கொண்டது. "வடிவக்கா, அப்படி ஒரு மாசத்தை இன்னும் கண்டுபிடிக்கல. மாசி மேற்குக்கு நல்லது, வடக்குக்குச் சாவு. ஆடியில கிழக்கு மிதக்கும். ஐப்பசியில தெற்கே புயல். யாரு சொன்னாங்க இப்படி?"

"என் தம்பி."

நரி அவளை ஒரு பார்வை பார்த்தது. நரிக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் வியாபாரம் முக்கியமில்லையா? "தம்பி இருக்கிறது வடக்கு மலைதானே? சித்திரையில அங்க சொர்க்கம். பூவா பூத்துக் கிடக்கும். சொல்லாம போய் நில்லுங்க, அசந்துருவாரு" என்றது.

சித்திரை பிறந்ததும், வடிவு புளியங்கொழுந்து ஒரு கட்டும் நம்ம குட்டைச் சேறு ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டு லாரி ஏறினாள். போய்ப் பார்த்தால், நரி சொன்னதில் பொய்யில்லை. மலை முழுக்கப் பூ. வெயில் இதமாக முதுகில் விழுந்தது. தம்பி வீட்டுக் கதவில் மட்டும் இம்மாம் பெரிய பூட்டு.

எதிர்ப்பாறையில் ஒரு வரையாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "அவங்க தெற்கே கடற்கரைக்குப் போயாச்சு" என்றது. "பனி விட்டா வண்டி ஓடும். வண்டி ஓடுனா இந்த ஊருல ஒருத்தர் இருக்க மாட்டாங்க. எனக்குக் கால் சுளுக்கு, இல்லேன்னா நானும் போயிருப்பேன்."

"ஊரு இவ்வளவு நல்லா இருக்கே!"

"நல்லா இருக்கிறது வர்றவங்களுக்கும்மா. இருக்கிறவங்களுக்கு எப்படா கிளம்புவோம்னு இருக்கும்."

வடிவு தம்பிக்குப் போன் போட்டாள். முகத்தை ஒட்டப் பிடித்துக்கொண்டு, பின்னால் எதுவும் தெரியாமல், துரைக்கண்ணு பேசினான்.

"எங்கடா இருக்கே?"

"வீட்லதான் அக்கா. வேற எங்க போவேன்? வெளிய தலை காட்ட முடியல, அப்படி ஒரு பனி. நீ பாட்டுக்குக் கிளம்பி வந்து தொலைக்காதே!"

அவன் வீட்டு வாசலில், அவன் பூட்டுக்கு எதிரே, முதுகில் வேர்வை வழிய நின்றுகொண்டிருந்தாள் வடிவு. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் போனிலேயே நாறடித்திருப்பேன். அவளுக்கோ, என் தம்பிக்கு நான் வேண்டாமா என்று இருந்தது. வாயில் வந்ததோ, "சரிடா, நல்லா போர்த்திக்கோ" என்பதுதான்.

புளியங்கொழுந்தை வரையாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். காட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. "ஊரு எப்படி?" என்று கேட்டவர்களிடம் "பூவா பூத்திருக்கு" என்றாள். அப்புறம் குட்டையில் இறங்கி அசைபோட ஆரம்பித்தாள். புல்லை அசைபோட்டாள், வரையாடு சொன்னதை அசைபோட்டாள். மழைக்காலம் முடிகிறவரை போட்டாள். ஒரு நாள் காலையில் சடாரென்று எழுந்து, சேறு சொட்டச் சொட்ட டிராவல்ஸுக்குள் நுழைந்தாள்.

"ஏம்ப்பா கோவர்த்தனா, வடக்கு மலைக்கு எப்ப போகவே கூடாது?"

"மார்கழி. பாதையே மூடிரும்."

"மூடுனா உள்ள போக முடியாது, சரி. உள்ள இருக்கிறவங்க வெளிய வர முடியுமா?"

"எப்படிக்கா முடியும்? ஆளுயரப் பனி."

"மூடறதுக்கு முந்தி போற கடைசி வண்டியில ஒரு இடம் போடு."

நரி எழுந்து நின்றே விட்டது. எத்தனையோ ஜீவன்களைத் தவறான மாசத்தில் அனுப்பியிருக்கிறது. இப்படி விரும்பிக் கேட்டு யாரும் போனதில்லை.

கடைசி லாரி வடிவையும் அவளுடைய சேற்று டப்பாவையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போதே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்த துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அக்காவைப் பார்த்தான், பின்னால் பாதையைப் பார்த்தான். பாதை இல்லை.

"வாங்க அண்ணி" என்றாள் பிரமிளா, பல்லைக் கடித்துக்கொண்டு. "எத்தனை நாள் இருப்பீங்க?"

"பனி உருகற வரைக்கும்மா."

உள்ளே ஒரே அறை. இரண்டு எருமை நின்றால் மூன்றாவது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இருக்கிற ஒரே நல்ல சுவரில் அந்த அருவிப் படம் மாட்டியிருந்தது. மற்ற மூன்று சுவரிலும் ஈரம் பூத்திருந்தது. டவரும் பனியில் புதைந்து போன் செத்துவிட்டது. ஓடவும் வழியில்லை, போனை நோண்டவும் வழியில்லை. வேறு கதியில்லாமல், மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

"ஊருல பெரிய வீடுன்னு சொல்லிட்டேன் அக்கா" என்றான் துரைக்கண்ணு ஒரு நாள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நீ வந்து பார்த்தா மானம் போயிரும்னு பயம்."

"சித்திரையில நான் வந்தேன்டா. இந்த வாசல்லதான் நின்னேன். பனின்னு சொன்னே. எனக்கு வேர்த்து ஊத்துச்சு."

துரைக்கண்ணு கன்றுக்குட்டி வயசில் செய்ததுபோல அக்கா கழுத்துக்கடியில் தலையை நுழைத்து, விக்கி விக்கி அழுதான். அறை அவ்வளவு சின்னது என்பதால் பிரமிளாவுக்குத் திரும்பிக்கொள்ளவும் இடமில்லை. அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

அதற்கப்புறம் வீடு வீடாக இருந்தது. துரைக்கண்ணு சின்ன வயசில் தவளைக்குப் பயந்து குட்டையை விட்டு ஓடிய கதையைக் கேட்டு பிரமிளா சிரித்த சிரிப்பில் அருவிப் படம் சாய்ந்தது. வடிவு கொண்டுவந்த சேற்றை மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் முதுகில் பூசிக்கொண்டார்கள். இடம் பத்தாததால் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தே தூங்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் வடிவு இப்படித் தூங்கியதில்லை.

ஆனால் எந்தப் பனியும் உருகித்தானே ஆக வேண்டும். ஒரு காலையில் பிரமிளா வாசலிலிருந்து கூவினாள், "அண்ணி! பாதை திறந்திருச்சாம்! இன்னிக்கே வண்டி வருதாம்!" நல்லவள்தான், பாசம் வந்துவிட்டதுதான். இருந்தாலும் அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்க வேண்டாம்.

வடிவு காலி டப்பாவை எடுத்துக்கொண்டாள். இனி எப்போதோ. துரைக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் போய் வழியைப் பார்த்துட்டு வர்றேன்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

போனவன் வெகுநேரம் வரவில்லை. வடிவு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே பாதை வளைவில், இரு பக்கமும் ஒதுங்கிக் கிடந்த பனியை வாரி வாரி நடுப்பாதையில் கொட்டிக்கொண்டிருந்தான் அவள் தம்பி. ஓர் இடத்தில் கொஞ்சம் பள்ளமாகத் தெரிய, அதிலும் இரண்டு வெட்டு அள்ளிப் போட்டு மிதித்தான்.

தலை முதல் வால் வரை வேர்க்க, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"மறுபடி சரிஞ்சு மூடிருச்சு அக்கா. இந்த வருஷம் பனி ரொம்ப மோசம்."

"அடடா" என்றாள் வடிவு, டப்பாவைக் கீழே வைத்துவிட்டு. "முதுகைத் துடைடா, சளி பிடிச்சுக்கும்."

நீதி: ஒரு நாட்டுக்குப் போக உகந்த மாசம் எது என்று நரியிடமும் கேட்காதீர்கள், காலண்டரிலும் தேடாதீர்கள். சொந்தக்காரர்கள் தப்பி ஓட வழியில்லாத மாசமே உகந்த மாசம்.